அம்மாளுக்குத் தெரியாத பாஷை

எனக்கு ஸ்பானிஷில் சொல்லத் தெரிந்த முதல் வாக்கியம் "மே பீக்கா." எனக்கு அரிக்கிறது என்று அர்த்தம். மற்றவர்கள் ஒரு மொழியை வணக்கம், நன்றி, உங்கள் பெயர் என்ன என்று தொடங்குவார்கள். நான் சொறியில் தொடங்கினேன். அதற்கு நியாயமான காரணம் இருந்தது. அம்மாளுக்கு ஸ்பானிஷ் தெரியாது என்று எட்டு வயதில் நான் உறுதியாக நம்பினேன்.

அம்மாள் என்றால் என்னைப் பெற்ற அம்மா இல்லை. அவவுக்கு ஸ்பானிஷ் தெரியாது என்பதில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. நான் சொல்வது கோயிலில் இருக்கிற அம்மாளை. எங்கள் பக்கத்தில் கொப்புளிப்பான் என்கிற அம்மை வந்தால் அதை நோய் என்று சொல்ல மாட்டோம். அம்மாள் வந்திருக்கிறா என்போம். கொப்புளங்களுக்குப் பெயர் முத்து. வாசலில் வேப்பங்குழை கட்டியாகிவிட்டால் மீன் இல்லை, தாளிதம் இல்லை, வெளியாட்கள் உள்ளே வருவதில்லை, வீட்டிலுள்ளவர்கள் வேறொரு வீட்டுப் படி மிதிப்பதில்லை. அந்த வருஷம் வைகாசியில், எங்கள் ஊர் கிரானில் வருஷத்துக்கு ஒருமுறைச் சடங்குக்காகக் கோயில் கதவு திறப்பதற்கு ஊரே ஆயத்தமாகிக்கொண்டிருந்தபோது, அம்மாள் கோயிலுக்குப் போகாமல் நேரே என்னிடம் வந்துவிட்டா.

உள்ளறை ஜன்னலோரம் பாய் போட்டு, வெள்ளைத்துணி விரித்து, அதில் வேப்பிலை பரப்பி என்னைக் கிடத்தினார்கள். கச்சான் காற்று வீசும் காலம். அறுவடை முடிந்து வெடித்துக் கிடந்த வயல் வட்டைகளைத் தாண்டி வருகிற அந்தக் காற்று முகத்தில் பட்டால் அடுப்படியில் குனிந்தது போல இருக்கும். மேலுக்கு முத்து, வெளியே கச்சான். நான் அழத் தொடங்கினேன்.

"எரியுது அம்மா."

அம்மா பதறிப்போய் என் வாயைப் பொத்தினா. "அப்பிடிச் சொல்லாத புள்ள! அம்மாள் கோவிப்பா. குளிர்ச்சியா இரிக்கு தாயே எண்டு சொல்லு."

"குளிர்ச்சியா இல்லயே."

"இல்லாட்டியும் சொல்லு."

அம்மாவின் நியாயம் இதுதான். அம்மாள் சூடானவ. சூடானவவைக் குளிரவைக்கத்தான் கோயிலில் சடங்கின் கடைசி நாளில் குளிர்த்தி பாடி, தண்ணீர் தெளித்து அனுப்புகிறோம். வந்திருக்கிறவவிடமே போய் எரிகிறது, கடிக்கிறது (அரிப்பதைத்தான் நாங்கள் கடிக்கிறது என்போம்) என்றால், வந்த விருந்தாளியைப் பார்த்து உன்னால் எனக்குக் கரைச்சல் என்று சொன்ன மாதிரி ஆகிவிடும். விருந்தாளி கோபித்துக்கொண்டு போனால் பரவாயில்லை. இந்த விருந்தாளி கோபித்தால் போக மாட்டா, இன்னும் இரண்டு பிடி முத்தை அள்ளிப் போட்டுவிட்டு இருப்பா. தாகம் எடுத்தால்கூட எனக்குத் தண்ணி விடாய்க்குது என்று சொல்லக்கூடாது. அம்மாளுக்குத் தண்ணி வேணுமாம் என்று சொல்ல வேண்டும். நான் அம்மா சொன்னதை முதலில் நம்பவில்லை. ஒரு பின்னேரம் பொறுக்க முடியாமல் "கடிக்குது, கடிக்குது" என்று கத்தி அழுதேன். விடிந்து பார்த்தால் கண்மடலில்கூட முத்து. அதற்குப் பிறகு நம்பாமல் இருக்க எனக்கென்ன பைத்தியமா?

அப்பா அம்மாவுக்குத் தெரியாமல் வாழைச்சேனை பாமசியில் ரோஸ் நிறத்தில் ஒரு மருந்துத் தண்ணீர் வாங்கி வந்தார். அம்மா அதைக் கண்டுபிடித்துவிட்டா. ஏசுவா என்று பார்த்தால், போத்தலைக் கொண்டுபோய்ச் சாமிப்படத்துக்கு முன்னால் ஒரு பகல் முழுக்க வைத்துவிட்டு, பிறகு தானே எடுத்துப் பூசிவிட்டா. எங்கள் வீட்டில் பெரும்பாலான பிரச்சினைகள் இப்படித்தான் தீர்ந்தன.

இனி சின்னம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்மாவின் ஒரே தங்கை, எங்களோடுதான் இருந்தா. படிப்பு முடித்து வீட்டிலிருந்த அவவுக்குப் பாசிக்குடாவில் ஒரு ஹோட்டலில் வரவேற்பு மேசை வேலைக்குப் போக வேண்டும் என்று ஒரே பிடி. அந்தக் கடற்கரையில் வரிசையாக ஹோட்டல்கள் எழும்பிய காலம் அது. அம்மாவுக்கு ஹோட்டல் என்ற சொல்லே பிடிக்காது.

"வரவேற்பு மேசையிலதானேகா இரிக்கப் போறா, சட்டி கழுவவா போறா?" என்று அப்பா சின்னம்மாவுக்காகப் பேசினார். அம்மா கடைசியில் ஒரு தவணை கொடுத்தா. "இந்த ஒரு தடவைதான். இது சரிவராட்டி மறுகா பேசப்படா. வந்த சம்பந்தத்துக்கு ஓம் எண்டு சொல்லிருவன்."

சம்பந்தம் ஒன்று உண்மையிலேயே வந்து வாசலில் நின்றது. ஆகவே சின்னம்மாவுக்கு இருந்தது இந்த ஒரே ஒரு வழி. அந்த ஹோட்டலுக்கோ ஸ்பெயினிலிருந்து ஆட்கள் கூட்டமாக வர இருந்தார்கள். அவர்களோடு நாலு வார்த்தை பேசத் தெரிந்த ஒரு பெண்பிள்ளை வேண்டுமாம். போனிலேயே கேட்டுப் பார்ப்பார்களாம். என்ன கேட்பார்கள் என்று விசாரித்ததில், காலநிலையும் உடம்பு நிலையும் சொல்லத் தெரிந்தால் போதும் என்று பதில் வந்தது. ஊர் பார்க்க வந்தவர்கள் வேறு எதைப் பேசுவார்கள்? இன்றைக்கு வெயிலா, காற்றா, உங்களுக்குக் களைப்பா, தாகமா, தலையிடியா, அவ்வளவுதான்.

சின்னம்மா போனில் ஒரு பாடச் செயலியை இறக்கி வைத்திருந்தா. அதற்குள் ஒரு பெண் சொல்வதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் நெட் ஒழுங்காக இழுக்கிற ஒரே இடம் நான் கிடந்த அறை ஜன்னல். அம்மா முதல் நாளே கேட்டா. "உனக்குச் சின்னதில அம்மாள் போட்டதுதானே?"

"போட்டிரிக்கும்," என்றா சின்னம்மா.

ஒருதரம் போட்டவர்களுக்குத்தான் மறுபடி வராது என்பார்கள். இது ஒரு பதிலே இல்லை. ஆனால் அம்மாவுக்கு அடுப்படியில் ஆயிரம் வேலை. சின்னம்மா வேப்பங்குழையும் போனுமாக என் பாயருகில் வந்து உட்கார்ந்துவிட்டா. பேசிப் பழக அவவுக்கு ஆள் இல்லை, வெளியே போகவும் முடியாது. எனக்கோ எழும்பி ஓட வழியில்லை. இதைவிட நல்ல மாணவி எங்கே கிடைப்பாள்!

"ஆசே காலோர்," என்றது போன். "ஆசே காலோர்," என்றா சின்னம்மா. "ஆசே காலோர்," என்றேன் நான்.

"அப்பிடியெண்டா?"

"வெக்கையா இரிக்கு எண்டு அர்த்தம். அவங்கட பாசையில வெக்கை செய்யுது எண்டுதான் சொல்லுவாங்களாம்."

"ஆர் செய்யிற?"

சின்னம்மா போனைப் பார்த்தா. "அது போட்டில்ல."

எனக்கு ஆர் செய்கிற என்று தெரியும். வேப்பிலையைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். அடுத்த வாக்கியம் இன்னும் விசித்திரமாக இருந்தது. "தெங்கோ காலோர்" என்றால் என்னிடம் வெக்கை இருக்கிறதாம். தேங்காய் இருக்கிறது, தேசிக்காய் இருக்கிறது என்பது போல. பசி, தாகம், நித்திரை, குளிர், பயம் எல்லாவற்றையும் அந்த நாட்டு மனுசர் கையில் வைத்துக்கொண்டு திரிகிறார்கள் என்று நினைத்தேன். என்னிடம் இருக்கிற பொருள் என்றால் அதை எங்காவது இறக்கி வைக்கலாம், இன்னொருவரிடம் கொடுத்துவிடலாம். இது எனக்கு மிகவும் பிடித்துப்போனது.

அப்போதுதான் கேட்டேன். "கடிக்குது எண்டதுக்கு என்ன?"

சின்னம்மா தேடிச் சொன்னா. மே பீக்கா.

அன்றைக்கு மத்தியானம், அறையில் யாரும் இல்லாத நேரம் பார்த்து, போர்வைக்குள் தலையை இழுத்துக்கொண்டு மெல்ல ஒருதரம் சொன்னேன். விடிந்ததும் உடம்பெல்லாம் தேடினேன். புது முத்து ஒன்றுகூட இல்லை! அந்த நோய் அந்தக் கட்டத்தில் தானாகவே அடங்கத் தொடங்கியிருக்கும் என்பது இப்போது தெரிகிறது. அப்போது எனக்குத் தெரிந்தது, அம்மாளுக்கு இந்தப் பாஷை விளங்கவில்லை என்பது மட்டும்தான். நான் சுதந்திரம் அடைந்தேன். கடிக்கிறது, எரிகிறது, தாகம், தலையிடி, வெக்கை, எல்லாவற்றையும் காலையிலிருந்து பின்னேரம் வரை ஸ்பானிஷில் கொட்டித் தீர்த்தேன். சொல்லிவிட்டால் கொஞ்சம் குறைகிற மாதிரியே இருந்தது. இடையிடையே தமிழில், "குளிர்ச்சியா இரிக்கு தாயே."

"புள்ள இப்ப முனகிறதே இல்ல," என்று அம்மா அப்பாவிடம் பெருமைப்பட்டா.

சின்னம்மாவும் இதனால் தேறினா. நான் நோயாளி வேஷம் போட வேண்டியதில்லை அல்லவா. ஹோட்டலுக்கு வந்த வெள்ளைக்காரியாக நான் பாயில் கிடந்து முறைப்பாடு சொல்வேன். அவ எழுந்து நின்று, கைகட்டி, வெளியில் காற்று வீசுகிறது மேடம், நிழலுக்கு வாருங்கள் மேடம் என்பா. எனக்கு இளநீர் தருவா. இரண்டு பேரும் வாயைப் பொத்திச் சிரிப்போம். தலைக்கு இரண்டாம் தண்ணீர் வார்க்கும் அளவுக்கு நான் தேறியபோது அவ போனைப் பார்க்காமலே பேசத் தொடங்கிவிட்டா.

வினை அப்பா வடிவில் வந்தது. ஒருநாள் காலை வாசலில் நின்றபடி நான் சொல்வதைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"என்னகா இது, நம்மட பறங்கி ஆக்கள்ர பாசை மாதிரி இரிக்கு?"

எங்கள் வீட்டுக் கதவு நிலையெல்லாம் செய்தவர் மட்டக்களப்பிலிருந்து வந்த ஒரு பறங்கி ஓடாவி. அவரும் தம்பியும் மரம் சீவும்போது தங்களுக்குள் போர்த்துக்கீசர் வழிவந்த அந்தப் பழைய பறங்கிப் பேச்சில்தான் பேசிக்கொள்வார்களாம். "காலோர், காலோர் எண்டு சொல்லிச் சொல்லித்தான் வேர்வையத் துடைப்பாங்க. எனக்கு நல்ல ஞாபகம்," என்றார் அப்பா.

"இது வேற பாசை அத்தான். ரெண்டும் சொந்தக்காரப் பாசை," என்றா சின்னம்மா.

நான் பயந்துபோய் எழுந்து உட்கார்ந்தேன். "அம்மா, அம்மாளுக்குப் பறங்கிப் பாசை விளங்குமா?"

"விளங்காம? அவங்களுந்தானே நேத்தி வெச்சுக் கோயிலுக்கு வாறாங்க. எத்தின தலைமுறையாக் கேட்டிட்டிரிக்கிறா," என்று சொல்லிவிட்டு அம்மா தன்பாட்டில் அடுப்படிக்குப் போய்விட்டா.

நான் சொன்ன அத்தனையும் அம்மாள் கேட்டிருக்கிறா! பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கணக்குத் தீர்க்க நேரம் பார்த்துக்கொண்டிருக்கிறா! இனிமேல் ஸ்பானிஷ் வாயிலேயே எடுப்பதில்லை என்று அந்த இடத்திலேயே சத்தியம் செய்தேன்.

அன்றைக்கு மத்தியானம்தான் சின்னம்மாவுக்குப் போன் வந்தது.

நல்ல உச்சி வெயில். ஜன்னல் கதவு கச்சானில் படபடத்துக்கொண்டிருந்தது. சின்னம்மா கோயிலுக்கு உடுத்தும் சேலையைக் கட்டி, என் பாயருகில் ஜன்னலை ஒட்டி உட்கார்ந்தா. போனைச் சட்டத்தில் சாய்த்து வைத்தா, சத்தமாகக் கேட்கும்படி. ஒரு கையைக் கழுத்தடியில் வைத்தவ கடைசிவரை எடுக்கவே இல்லை. பயத்தில் இருக்கிறா என்று நினைத்தேன். ஒரு பெண்ணின் குரல், மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக, அங்கே காலநிலை எப்படி என்று கேட்டது. அந்தக் கேள்வி எனக்கே விளங்கியது.

"ஆசே முச்சோ காலோர். ஆசே வியெந்தோ," என்றா சின்னம்மா. நல்ல வெக்கை, காற்று வீசுது. அச்சொட்டாகச் சரி. நான் பாயில் கிடந்தபடி பெருமையில் பூரித்தேன்.

உங்களுக்கு எப்படி இருக்கிறது என்று அந்தக் குரல் கேட்டது.

"தெங்கோ ஃப்ரீயோ," என்றா சின்னம்மா. எனக்குக் குளிர்கிறது.

போச்சுடா! இத்தனை நாள் பாடமாக்கியது இந்த ஒரு கேள்வியிலா பிழையாகிப்போக வேண்டும்? என் நெற்றியிலிருந்து வேர்வை கண்ணுக்குள் ஓடுகிறது, இவ குளிர் என்கிறா. சட்டத்தில் இருந்த போனும் மறந்துபோய், சம்பந்தக்காரனும் அம்மாவின் தவணையும்தான் எனக்குக் கண்முன் வந்தன. அம்மாள் கேட்டால் கேட்கட்டும் என்று சத்தியத்தை விட்டெறிந்தேன். கையால் விசிறிக் காட்டி, "காலோர்! காலோர்!" என்று அடித்தொண்டையில் சொன்னேன்.

சின்னம்மா என்னைப் பார்த்தா. தலையை இல்லை என்று அசைத்துவிட்டு மறுபடியும் போனிடம் அதையே சொன்னா. மிகவும் குளிர்கிறது. தலை வலிக்கிறது. படித்த எல்லாவற்றையும் தலைகீழாக ஒப்புவிக்கிறா என்று நினைத்து நான் தலையில் கைவைத்துக்கொண்டேன்.

அந்தக் குரல் ஒன்றும் கோபிக்கவில்லை. பாவம் பார்க்கிற மாதிரி ஏதோ சொன்னது. பிறகு சிரிப்போடு இன்னொன்று சொன்னது. அதில் கடைசிச் சொல் "லூனெஸ்." எங்கள் பாடத்தில் இல்லாத சொல் என்பதால் அந்த வாக்கியமே எனக்கு அப்படியே மனதில் நின்றுவிட்டது. சின்னம்மாவின் முகம் அப்போது மலர்ந்ததைப் பார்த்தேன். நன்றி சொன்னா, போன் அணைந்தது, அந்த முகமும் வாடிப்போனது.

"பிழையாச் சொல்லிட்டீங்க சின்னம்மா! வெக்கை எண்டு சொல்ல வேணும்!"

"ஓம் புள்ள, மாறிப்போச்சு," என்றா. என் போர்வையை இழுத்துத் தன்னையும் மூடிக்கொண்டு பாயில் சாய்ந்தா.

"லூனெஸ் எண்டா என்ன?"

"அது காலநிலைப் பாடத்தில இல்ல."

அடுத்த நாள் சின்னம்மாவின் கழுத்தில், காதுக்குப் பின்னால், முதுகில் முத்து. அம்மா வாயில் அடித்துக்கொண்டு இன்னொரு பாய் விரித்தா. சின்னம்மா படுக்கப்போகும் முன் ஜன்னலடியில் நின்று இங்கிலீஷில் யாருக்கோ மெதுவாகப் பேசினா. சொறி மேடம், சொறி மேடம் என்று இரண்டு மூன்று தரம் கேட்டது. பிழையான விடை சொன்னதற்கு மன்னிப்புக் கேட்கிறா என்று விளங்கிக்கொண்டேன்.

அழுதுகொண்டே அவவிடம் போனேன். "என்னாலதானே அம்மாள் உங்களுக்கு வந்த? நான் அவட சூட்டைப் பத்தி வேற பாசையில குத்தம் சொன்னன்."

"சேச்சே. உன்னப் பாக்க வந்தவ, பக்கத்திலதானே எண்டு என்னையும் பாத்திட்டுப் போக நினைச்சிரிக்கிறா. உனக்கும் இதுக்கும் என்ன?"

"வேலை?"

"அது நான் குளிர் எண்டு பிழையாச் சொன்னத்தால போன. நீதான் பாத்துக்கொண்டிருந்தாயே."

ஓம், நான்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரே சாட்சி நான். அம்மா விசாரித்தபோது சின்னம்மா சொன்னதை நான் அப்படியே உறுதிப்படுத்தினேன். சின்னம்மாவுக்கும் மூன்றாம் தண்ணீர் வார்த்து வேப்பங்குழை அவிழ்த்த பிறகு வந்த சொந்தக்காரருக்கெல்லாம் அந்தக் கதையை நடித்தே காட்டினேன். கச்சான் கொளுத்துகிற மத்தியானத்தில் ஒரு மனுசி குளிருது என்று சொன்னாவாம்! ஒவ்வொரு தடவையும் வீடு அதிரச் சிரித்தார்கள். முகத்தில் தழும்பு ஆறாத சின்னம்மாவும் அவர்களோடு சேர்ந்து சிரித்தா. ஆவணியில் கலியாணம் நடந்தது. எங்கள் ஊர் வழக்கப்படி சித்தப்பா பெண்வீட்டுக்கே, எங்கள் வளவுக்கே வந்து சேர்ந்தார். நல்ல மனுசன், குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் சின்னம்மா அதற்குப் பிறகு பாசிக்குடாவுக்கு ஒரு சுற்றுலாவாகக்கூடப் போனதில்லை.

பல வருஷம் கழித்து, பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது விடுதியில் என் அறைத்தோழி ஏதோ பொழுதுபோக்காக ஸ்பானிஷ் பழகத் தொடங்கினாள். ஒருநாள் அவளுடைய போன் கிழமை நாட்களை ஒப்புவித்தது. முதல் நாள், லூனெஸ். திங்கட்கிழமை. அந்த ஜன்னலடிக் குரல் சொன்ன முழு வாக்கியமும் என் காதில் இன்னும் இருந்தது. அவளிடம் சொல்லி அர்த்தம் கேட்டேன்.

"திங்கட்கிழமை சந்திப்போம் என்று சொல்லியிருக்கிறாங்க," என்றாள் அவள்.

சின்னம்மாவுக்கு வேலை கிடைத்திருக்கிறது. முத்தோடு திங்கட்கிழமை வர முடியாது என்பதற்குத்தான் அன்றைக்கு அந்தச் சொறி மேடம். காய்ச்சலில் அவவுக்கு உண்மையாகவே குளிர்ந்திருக்கிறது. அது அம்மாவின் காதில் விழுந்திருந்தால் போனையே எடுக்க விட்டிருக்க மாட்டா. ஆகவே தமிழில் யாரிடமும் சொல்லாமல், முகம் தெரியாத ஒரு மனுசியிடம் ஸ்பானிஷில் மட்டும் சொல்லியிருக்கிறா, நான் என் சொறியைச் சொன்ன மாதிரியே. அந்த உண்மையைத்தான் நான் பாயில் கிடந்தபடி திருத்தினேன்.

அந்த நேரமே சின்னம்மாவுக்குப் போன் எடுத்துக் கேட்டேன். "திங்கட்கிழமை வரச்சொன்னத ஏன் சின்னம்மா ஒருத்தருக்கும் சொல்லல்ல?"

மறுமுனையில் சித்தப்பா கோழிக்குத் தீன் போடுகிற சத்தம் கேட்டது.

"அத இப்பதான் கண்டுபிடிச்சியா?" என்றா. பிறகு, "சொல்லியிருந்தா, ஆராலே போகமுடியாமப் போன எண்டு நீ கேட்டிருப்பாய். நீதான் முத்தெல்லாம் காஞ்சு, அப்பதான் நல்லாச் சிரிக்கத் தொடங்கினாய், புள்ள."